புதுப்பிப்பு: கிரைண்டரில் தீப்பொறி, காரணம் கார்பன் பிரஷ்
4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர் விட்டுவிட்டு ஓடுகிறது, காற்றுத் துளை வழியே பெரிய பொறி தெரிகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது. ஒரு கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) 4 மி.மீ. மட்டுமே மிஞ்சும்படி தேய்ந்து, ஸ்பிரிங் அழுத்தம் போதாமல் கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும், செப்புப் பட்டைகள் கொண்ட சுழலும் உருளை) சரியாகத் தொடவில்லை.

ஒன்றுதான் தேய்ந்திருந்தாலும் ஜோடியாகவே மாற்றுங்கள், முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு. பழையதன் அகலமும் தடிமனும் அப்படியே பொருந்த வேண்டும். புது பிரஷ் அதன் ஹோல்டருக்குள் தடையில்லாமல் வழுக்க வேண்டும். இறுகினால் மறுபடி அதே பொறிதான். கம்யூட்டேட்டர் கருத்திருந்தால் மெல்லிய உப்புத்தாள் போதும். எமரி தாள் வேண்டவே வேண்டாம், அதன் துகள் செப்புப் பட்டைகளுக்கிடையே சிக்கி ஷார்ட் ஆகலாம்.

மாற்றியதும் 10 நிமிடம் சுமையில்லாமல் ஓடவிட்டால் பிரஷ் முனை வளைவாகப் படியும். அதுவரை சிறு பொறி இருக்கும், பயமில்லை. பொறி வளையமாகச் சுற்றி வந்தால் பெரும்பாலும் ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் சுருள் பகுதி) கோளாறு.