சர்காசம் மூடிய பவளத்திட்டு: கிளிமீனை விட்டுவைத்தால் பாசி குறையுமா?

அலைவாய் கேட்டது:
கிளிமீன் இருந்தால்தான் பவளப்பாறை பிழைக்கும் என்கிறார்கள். ஆனால் உயிருள்ள பவளத்தின் மேலேயே அது கொத்திய வெள்ளைத் தழும்பு தெரிகிறது. இது காப்பதா, அரிப்பதா? சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி இடுப்பளவு வளர்ந்த திட்டில் கிளிமீன் பிடிப்பதை நிறுத்தினால் பாசி அடங்குமா?

நீரடி:
முதலில் தழும்பைப் பாருங்கள். ஆழமில்லாத இரட்டைக் கீறல் என்றால் ஸ்காரஸ் என்ற கிளிமீன் வகை. மேலாகச் சுரண்டிவிட்டுப் போகும். சுண்ணாம்போடு பெயர்ந்த குழி என்றால் குளோரூரஸ் போன்ற தோண்டும் வகை. இரண்டுமே பெரும்பாலும் கொத்துவது செத்த பாறைமேல் படர்ந்த குட்டைப் பாசியைத்தான். விதிவிலக்கு, பசிபிக்கின் கூன்தலைக் கிளிமீன்: ஒரு மீனே ஆண்டுக்கு 5 டன்னுக்கு மேல் சுண்ணாம்பைத் தின்னும், அதில் பாதியளவு உயிர்ப்பவளம்.

சுரண்டுவதால் என்ன லாபம்? குட்டைப் பாசி வண்டலைப் பிடித்து வைக்கும். பவளக் குஞ்சு ஒட்ட இடமிருக்காது. சுரண்டிய இடத்தில் கல்போல் படியும் இளஞ்சிவப்புப் பாசி வந்தால் குஞ்சு வந்து உட்காரும்.

கரைவலை:
இரண்டாம் கேள்விக்குப் பதில்: அநேகமாக அடங்காது. கிளிமீன் பாசியைத் தலைதூக்க விடாது, அவ்வளவுதான். வளர்ந்த சர்காசத்தை அது பெரும்பாலும் சீண்டுவதில்லை. ஆஸ்திரேலியாவின் ஆர்ஃபியஸ் தீவில் கூண்டு அடித்து மேயும் மீன்களை சுமார் 3 ஆண்டு தடுத்து, சர்காசத்தை வளரவிட்டார்கள். கூண்டை எடுத்ததும் அதை மேய்ந்து தீர்த்தது கிளிமீன் இல்லை, பிளாட்டாக்ஸ் என்ற தட்டை மீன். அது வழக்கமாகப் பாசி மேய்கிற மீன் என்று யாரும் கணக்கில்கூட வைத்திருக்கவில்லை!

காலம் தாழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜமைக்கா. மீன்பிடிக் கூடு போட்டுக் கிளிமீனை முன்பே துடைத்துவிட்டார்கள். டயடிமா என்ற கடல் முள்ளெலிதான் பாசியை மேய்ந்துகொண்டிருந்தது. 1983-84இல் நோய் வந்து அதுவும் செத்தது. 1970களின் பிற்பகுதியில் 50 சதவீதத்துக்கு மேல் இருந்த பவளப் பரப்பு 1990களில் 5 சதவீதத்துக்கும் கீழே. பாசி 4இலிருந்து 92 சதவீதம். 1980இல் ஆலன் புயல் உடைத்ததும் இதில் சேரும்.

அலைவாய்:
அப்படியானால் சிறியதை விட்டுப் பெரியதை மட்டும் பிடிக்கலாம் என்று விதி வைத்தால்?

நீரடி:
அது தலைகீழ். பெரும்பாலான இனங்களில் பெண்ணாகத் தொடங்கிப் பிறகு ஆணாக மாறும். பெரியதையே பொறுக்கினால் ஆண் குறையும், சுரண்டலும் படுத்துவிடும். பெரிய மீனின் ஒரு கடி எடுக்கும் பரப்பைக் குஞ்சுகள் கூட்டமாக வந்தாலும் ஈடுகட்டாது. மத்திய அமெரிக்க நாடான பெலிஸ் 2009இல் கிளிமீன் பிடிப்பையே மொத்தமாகத் தடுத்தது. துண்டு போட்டு விற்கும் மீனில் கொஞ்சம் தோலை விட்டுவைக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. இனம் தெரிய வேண்டுமே.

முழுத் தடை முடியாத ஊரில் முதலில் இரவு ஈட்டிக்குத்தை நிறுத்துங்கள். சில இனங்கள் சளிக்கூடு கட்டிக்கொண்டு பாறை இடுக்கில் அசையாமல் தூங்கும். டார்ச் அடித்தால் ஒன்றும் தப்பாது. மீன்பிடிக் கூட்டில் 2.5 செ.மீ. அகல இடைவெளி விடச் சொல்வார்கள். நல்லதுதான், ஒடுங்கிய உடல் கொண்ட மீன்கள் தப்பும். வளர்ந்த கிளிமீன் மாட்டிக்கொள்ளும்.

கரைவலை:
சர்காசத்தைக் கையால் எடுப்பதென்றால் பாறையைப் பற்றிய அடிப்பிடிப்போடு எடுங்கள். தண்டை மட்டும் வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். பருவம் முடிந்தால் அது தானே உதிரும். ஆகவே கணக்கெடுப்பை ஒரே மாதத்தில் வருடாவருடம் செய்யுங்கள்: 30 மீ. நீளம், 2 மீ. அகலப் பட்டை, மீனின் எண்ணிக்கையோடு நீளமும். எண்ணிக்கை மட்டும் குறித்தால் குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்து ஏமாந்துபோவீர்கள். பவளம் வெளிறுவதற்கு முக்கியக் காரணம் கடலின் சூடு, அதற்குக் கிளிமீனிடம் மருந்தில்லை. அதையும் இதோடு போட்டுக் குழப்பாதீர்கள்.