ஏற்காடு மலைப்பாதையில் காதில் பாட்டோடு ஓடலாமா?

கேள்வி: அடிவாரம்_ஓட்டம்

சேலம் காந்தி ஸ்டேடியத்தில் ஓடும்போது காதுக்குள் செருகும் புளூடூத் இயர்பட்ஸ் போடுகிறேன். போனை இடுப்பு பெல்ட்டில் வைத்தால் பாட்டு விட்டு விட்டு வருகிறது. வீட்டுக்குள் இந்தத் தொல்லை இல்லை. அடுத்து, ஆப்பில் நிமிடத்துக்கு 170 பீட் என்று காட்டும் குத்துப்பாட்டு காலடியோடு சேரவே மாட்டேன் என்கிறது. கடைசியாக, அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஓடி ஏறிப் பழகப் போகிறேன். அங்கே பாட்டு கேட்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: சால்டரிங்_சேலம்

இயர்பட்ஸில் கோளாறு இல்லைங்க. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை. உடம்பில் இருக்கிற தண்ணீர் அதை உறிஞ்சிவிடும். வீட்டில் சுவரில் பட்டுத் திரும்பி எப்படியாவது காதுக்கு வந்து சேரும். திறந்த மைதானத்தில் திருப்பி அனுப்பச் சுவர் ஏது? போன் இடது இடுப்பிலும் இணைப்பைப் பிடிக்கிற பட் வலது காதிலும் இருந்தால் மொத்த உடம்பும் குறுக்கே நிற்கிறது. போனை மறுபக்க இடுப்புக்கு மாற்றிப் பாருங்கள். அதிலும் விட்டுப்போனால் அதே பக்கப் புஜத்தில் பட்டை போட்டுக் கட்டுங்கள்.

கேட்காத ஒன்றும் சொல்லிவிடுகிறேன். இயர்பட்ஸ் தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஐபிஎக்ஸ் என்று ஒரு தரக்குறியீடு உண்டு. ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும், ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில். வியர்வை உப்பு வேறு கதை. ஈரத்தோடு பெட்டியில் வைத்து மூடினால் சார்ஜ் ஏறும் பின்னில் பச்சை பிடித்து, ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறாமல் நிற்கும். ஓடி முடித்ததும் லேசாக நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டுப் பிறகு பெட்டியில் வையுங்கள்.

பதில்: தகிட_தகிட

குத்துப்பாட்டில் பெரும்பாலானவை திஸ்ர நடை, ஒரு தட்டுக்குள் ‘தகிட’ என்று மூன்று. பீட் எண்ணும் ஆப் குழம்புவது இங்கேதான். ஒரு தட்டை ஒன்றரையாக எண்ணி, உண்மையில் 113 இருக்கும் பாட்டை 170 என்று காட்டிவிடும். ஆப்பை விடுங்கள். தொடையில் தாளம் தட்டி, 15 வினாடியில் எத்தனை என்று எண்ணி நாலால் பெருக்குங்கள்.

காலடிக்கும் அப்படியே: சீரான வேகத்தில் ஓடும்போது வலது கால் 30 வினாடியில் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணி நாலால் பெருக்கினால் நிமிடத்துக்கான மொத்த அடி கிடைக்கும். 164 வந்தால் 164 பாட்டும் சேரும், 82 பாட்டும் சேரும். 82-ல் வலது கால் விழும்போதெல்லாம் ஒரு தட்டு. மெலடியில் இப்படி நிறைய அகப்படும், யாரும் தேடுவதில்லை.

பாட்டு நிமிடத்துக்கு இரண்டு மூன்று தட்டு தள்ளிப்போனால், ஆடாசிட்டி என்கிற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ‘சேஞ்ச் டெம்போ’ போடுங்கள், சுருதி அப்படியே இருக்கும். பக்கத்திலிருக்கும் ‘சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்’ சுருதியையும் ஏற்றிவிடும். பத்து சதவீதத்துக்கு மேல் இழுத்தால் தவில் சத்தம் உடைந்து கேட்கும். மூச்சிரைக்க ஓடி, இடையில் மெதுவாகி, மறுபடி வேகமெடுக்கும் இன்டர்வெல் பயிற்சிக்கு இத்தனை மெனக்கெட வேண்டாம். அந்த வேகத்தில் களைப்பைப் பாட்டு மறைக்காது.

பதில்: கொண்டை_ஊசி

மலைப்பாதையில் காதை அடைக்கிற எதுவும் வேண்டாம், தம்பி. 20 கொண்டை ஊசி வளைவு. எதிரே வரும் வண்டி தெரிய வலது ஓரம் ஓடுவது சரிதான், ஆனால் ஏறுகிற பஸ் வளைவில் திரும்ப முழு ரோட்டையும் எடுக்கும். உங்களுக்குப் பின்னாலிருந்து வலது ஓரத்துக்கே வந்துவிடும். கீழேயிருந்து கேட்கிற ஹாரன்தான் எச்சரிக்கை. அதைவிட மோசம், பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குகிற பைக். டயர் சத்தம் மட்டும்தான் வரும். பனி இறங்கிய காலையில் கண்ணும் உதவாது. குரங்கு தொங்குகிற ஒயரைப் பிடித்து இழுக்கும், காட்டெருமை ரோட்டைக் கடக்கும்.

கேட்டே ஆக வேண்டும் என்றால் எலும்பு வழியே ஒலி கடத்தும் ஹெட்போன். காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் உட்காரும், காதுத்துளை திறந்தே இருக்கும். பேஸ், அதாவது அடித்தொனி குறைவு, லாரி போனால் பாட்டு கேட்காது. கேட்கக் கூடாது, அதுதான் தேவை. வளைவுக்கு முன்னால் நிறுத்திவிடுங்கள். இயர்பட்ஸில் வெளிச்சத்தம் விடும் மோடை நம்ப வேண்டாம், மலைக்காற்று மைக்கில் அடித்து இரைச்சலாகிவிடும். ஏற்றத்தில் அடி குறுகி, காலடி எண்ணிக்கையும் மாறும். தரையில் பொருத்திய பாட்டு அங்கே சேராது.

பதில்: டிராக்_லேன்3

போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் கவனம். உலகத் தடகள விதிப்படி போட்டிப் பகுதிக்குள் பாட்டுக் கருவியோ போனோ வைத்திருப்பதே வெளி உதவியாகக் கருதப்படும். 1998-ல் பர்மிங்காமில் எத்தியோப்பிய ஓட்டக்காரர் ஹைலே கெப்ரசெலாசி உள்ளரங்க 2000 மீட்டர் சாதனை ஓடியபோது, அவருக்குப் பிடித்த பாட்டு அரங்க ஒலிபெருக்கியில்தான் ஓடியது, காதில் அல்ல. ரோடு ரேஸ் என்றால் நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒலி அளவு: உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 80 டெசிபல் வாரம் 40 மணி நேரம், 90 ஆனால் 4 மணி நேரம்தான். வண்டிச் சத்தத்தை மீறக் கூட்டுகிறவர்கள் இதைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள்.

அடிவாரம்_ஓட்டம்

நன்றி. போன் வலது இடுப்புக்கு வந்ததும் அறுபடுவது நின்றுவிட்டது. மேலே ஏரியைச் சுற்றும் ரோட்டில்?

கொண்டை_ஊசி

வாரநாள் விடியற்காலை சரி, ஒலியைக் குறைத்து. ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா வண்டி வரிசை கட்டும், வேண்டாம்.