ஸ்விஃப்ட் பின் சக்கரத்தில் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடலாமா?

கேள்வி – மலைப்பாதை
2012 ஸ்விஃப்ட் பெட்ரோல், 85,000 கி.மீ. பெடல் பாதிக்குக் கீழே போன பிறகுதான் பிரேக் பிடிக்கிறது. உடனே இரண்டாவது தடவை மிதித்தால் மேலேயே நிற்கிறது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது கடைசிக் கொண்டை ஊசி வளைவுகளில் இன்னும் மோசம். வேறு வண்டியில் கழற்றிய பின்சக்கர டிஸ்க் செட் ஒன்று விலைக்கு வருகிறது. வீட்டிலேயே மாட்டலாமா? ஜாக்கி, 2 ஸ்டாண்டு, ஸ்பேனர் செட் இருக்கு.

பதில் – டார்க்ரெஞ்ச்
வேண்டாம் சார். டிரம் சுற்றும்போது முன்பக்க ஷூவை (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த கட்டை) தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கும். டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் காலிப்பரில் அது நடக்காது. அதே பிடிக்கு அதிக பிரஷர் வேண்டும். பெடல் மிதியை ஆயில் பிரஷராக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரும் பின்பக்க பிரஷரைக் கட்டுப்படுத்தும் வால்வும் டிரம்முக்கு அளந்து வைத்தவை. அதை விட்டுவிட்டு டிஸ்க்கை மட்டும் போட்டால் பின் பிரேக் பேருக்குத்தான் இருக்கும், அல்லது மழையில் பின் சக்கரம் லாக் ஆகி வண்டி சுற்றும். ஹேண்ட்பிரேக் கேபிள், ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார், இன்ஷூரன்ஸ் என்று தலைவலி தனி.

உங்களுக்கு இருப்பது இரண்டு வேறு கோளாறு. இரண்டாவது மிதியில் பெடல் ஏறினால் பெரும்பாலும் பின் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி அதிகம். வண்டி நிற்கும்போது ஹேண்ட்பிரேக்கை 3 கிளிக் இழுத்து வைத்து மிதித்துப் பாருங்கள். பெடல் உயர்ந்தால் அதேதான். இறக்கத்தில் மோசமாவது சூட்டினால். முன் டிஸ்க்கைப் பிடிக்கும் பேடையும் பிரேக் ஆயிலையும் பாருங்கள். புது டாட் 4 ஆயில் 230 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறினால் 155 வரை இறங்கிவிடும். 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், 2வது கியரில் இறங்குங்கள்.

மலைப்பாதை
ஹேண்ட்பிரேக் இழுத்ததும் பெடல் இரண்டு விரல் உயர்ந்தது! அப்போ ஷூ மாற்றுவது எப்படி?

பதில் – லைனிங்
ஷூ செட் (4), ஸ்பிரிங் கிட், பிரேக் கிளீனர், சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் வாங்கிக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக்கை விட்டால்தான் டிரம் வரும், அதனால் முன் சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். டிரம் வரவில்லை என்றால் சுத்தியலால் அடிக்காதீர்கள். டிரம்மின் வெளிமுகத்தில் மரையுள்ள இரண்டு துளை இருந்தால் எம்8 போல்ட் போட்டு மாறி மாறி அரைச் சுற்று முறுக்குங்கள். உள்விளிம்பில் தேய்மான மேடு இருந்தால் முதலில் ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும். டிரம்மோடு பேரிங் சேர்ந்த மாடல் என்றால் நடு நட் புதிதாகப் போட்டு, மேனுவலில் உள்ள டார்க்குக்கு (இறுக்கும் விசை அளவு) இறுக்குங்கள்.

தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது, கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். ஸ்பிரிங் எந்தத் துளையில் என்று குழம்பினால் மறுபக்கத்தைப் பார்க்கலாம். ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரை நகத்தால் லேசாக விலக்கிப் பாருங்கள்: உள்ளே ஈரமாக வழிந்தால் சிலிண்டரை மாற்றி, பிரேக் லைனில் புகுந்த ஏர் எடுக்க வேண்டும். ஷூவுக்குப் பின்னால் உள்ள தகட்டில் ஷூ உரசும் மேடுகளில் பட்டாணி அளவு கிரீஸ் போதும், லைனிங்கில் (டிரம்மைப் பிடிக்கும் ஷூவின் மேல்பரப்பு) பட்டால் போச்சு. டிரம்மில் வார்த்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டித் தேய்ந்திருந்தால் கடைசல் போடாதீர்கள், புதிது வாங்குங்கள்.

பதில் – டார்க்ரெஞ்ச்
இதோடு இன்னும் மூன்று விஷயம். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, வீல் சிலிண்டர் பிஸ்டன் தெறித்துவிடும். பல் சக்கர அட்ஜஸ்டர் என்றால் இடது, வலது மரை எதிரெதிர். மாற்றிப் போட்டால் தானாக இறுகாமல் தளர்ந்துகொண்டே போகும். முதலில் ஷூவை அட்ஜஸ்ட் செய்து, டிரம்மைக் கையால் சுற்றும்போது லேசான உரசல் கேட்கும்படி வையுங்கள், ஹேண்ட்பிரேக் கேபிள் கடைசியில்தான். பல பேர் பெடல் இறங்குது என்று கேபிளை இறுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கேபிள் இழுக்கும் ஷூ லீவர் முழுசாகத் திரும்பாது, தானியங்கி அட்ஜஸ்டரும் வேலை செய்யாது. உங்கள் வண்டியிலும் முதலில் அதைப் பாருங்கள். லைனிங் தடிமனாக இருந்தால் ஷூ வாங்கவே வேண்டியிருக்காது.