வெயில் ஊரில் வீட்டு பிரெட்: எது சரியாக வருகிறது, எது சொதப்புகிறது (நான்கு ஊர்க்காரர்கள் சொல்வது)

மதுரை:
அன்றாட மில்க் பிரெட்டுக்கு நம்பகமான அளவு இது. 8-க்கு 4 அங்குல டின் ஒன்றுக்கு மைதா 300 கிராம், பால் 195, சர்க்கரை 15, உப்பு 5, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3, வெண்ணெய் 20. கப் கணக்கு வேண்டவே வேண்டாம். அமுக்கி அள்ளினால் அதே கப்பில் 30 கிராம் மைதா கூடிவிடும், பிரெட் செங்கல்லாகிவிடும். சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

வெண்ணெய் நீங்கலாக எல்லாவற்றையும் கலந்து 20 நிமிஷம் மூடி வையுங்கள். பிறகு வெண்ணெய் சேர்த்துக் கையால் 10, 12 நிமிஷம் பிசைய வேண்டும். கொஞ்சம் மாவைக் கிள்ளி நான்கு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிற அளவுக்குக் கிழியாமல் விரிந்தால் பதம் வந்துவிட்டது. கிழிசலின் ஓரம் பிசிறு பிசிறாக இருந்தால் இன்னும் பிசையணும்.

வேலூர்:
அளவில் குறையில்லை. ஆனால் நம் ஊரில் பிரெட் கெடுவது பெரும்பாலும் நேரத்தால்தான். வெளிநாட்டுச் செய்முறைகளில் வரும் "ஒன்றரை மணி நேரம் பொங்க விடவும்" என்பது 22, 24 டிகிரி அறைக்கான கணக்கு. மே மாத மதியத்தில் சமையலறை 35-ஐத் தாண்டும். அங்கே 40 நிமிஷத்திலேயே மாவு இரண்டு மடங்காகிவிடும். கடிகாரத்தை நம்பிக் காத்திருந்தால் கள் வாடை வரும், அடுப்பில் நடுப்பகுதி அமுங்கும். மேல்தோலும் சிவக்காது, ஏனென்றால் சிவப்பதற்கான சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்திருக்கும்.

கோடையில் பாலை ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்து ஊற்றுங்கள், ஈஸ்ட்டை 2 கிராமாகக் குறையுங்கள். பிசைந்து முடிக்கும்போது மாவின் சூடு 26, 27 டிகிரியில் நின்றால் நல்லது. டின்னில் பொங்கும்போது விரலால் லேசாக அழுத்துங்கள். பள்ளம் மெதுவாகப் பாதி மீண்டால் உடனே அடுப்புக்கு. சட்டென்று மீண்டால் பொறுக்கணும். மீளவே இல்லையென்றால் தாண்டிவிட்டது. அப்போதும் கொட்டிவிட வேண்டாம். வெளியே எடுத்துக் காற்றை அமுக்கி, மறுபடி உருட்டி டின்னில் வைத்தால் ஒரு தடவை தப்பிக்கும்.

திருப்பூர்:
கோதுமை மாவில் செய்கிறவர்களுக்கு மேலே உள்ள அளவு சரிவராது. சக்கியில் (கல் திரிகையில்) அரைபடும்போது மாவுச்சத்துத் துகள்கள் நிறைய உடைகின்றன, உடைந்த துகள் தண்ணீரை அதிகம் குடிக்கும். சப்பாத்தி மிருதுவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிரெட்டில் அதோடு தவிடும் சேர்ந்துகொண்டு பசைப்புரத (குளூட்டன்) வலையை அறுத்துவிடும். 300 கிராம் ஆட்டாவுக்குத் தண்ணீர் 230 வரை போகலாம். கையில் ஒட்டத்தான் செய்யும், அதற்காக மாவைத் தூவிக்கொண்டே போகாதீர்கள், பிரெட் வறண்டுவிடும். தண்ணீர் சேர்த்ததும் 40 நிமிஷம் ஊற விட்டால் தவிடு மெத்தென்று ஆகும், ஒட்டுவதும் குறையும். பாக்கெட்டில் விற்கும் குளூட்டன் பொடி 12 கிராம் சேர்த்தால் உயரம் கிடைக்கும். அது வேண்டாமென்றால் பாதி மைதா, பாதி ஆட்டா.

கடையில் பிரவுன் பிரெட் வாங்குகிறவர்கள் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். மைதா முதலில் இருந்து, கடைசியில் கேரமல் நிறம் இருந்தால் அது சாயம் பூசிய வெள்ளை பிரெட்தான். பிரெட் மாவில் சேர்த்துவந்த, புற்றுநோய் ஆபத்து உண்டென்று சொல்லப்பட்ட பொட்டாசியம் புரோமேட் பற்றிய பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. டெல்லியின் சிஎஸ்இ என்ற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு 2016-இல் பரிசோதனை முடிவுகளை வெளியிட்ட பிறகு, அதே ஆண்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ அதற்குத் தடை போட்டுவிட்டது.

யாழ்ப்பாணம்:
எங்கட பக்கம் பாணுக்கு (பிரெட்டுக்கு) பாலும் இல்லை, பட்டரும் இல்லை. சொதியில (தேங்காய்ப்பால் குழம்பில) தோய்க்கிற பாண் ஊறவும் வேணும், கரையவும் கூடாது. பால் சேர்த்த மெத்தென்ற பாண் அதுக்குச் சரிவராது. கோதுமை மா (நீங்கள் சொல்லுற மைதா) 500 கிராம், தண்ணி 310, உப்பு 9, சீனி 10, ஈஸ்ட் 5, எண்ணெய் 10. அச்சுப் பாணுக்கும் றோஸ் பாணுக்கும் இதே மாதான். றோஸ் பாணை அச்சில போடாமல் தட்டில தட்டையாக வைத்துச் சுடுவினம், அதால மேலும் கீழும் மொறுமொறுப்பு.

போறணையின்ர (பேக்கரி அடுப்பின்ர) சூட்டை வீட்டு அவணில கொண்டுவர, கனமான தட்டொன்றை உள்ளுக்க வைத்து 220-இல அரை மணித்தியாலம் காய விடுங்கோ. மாவை வைத்ததும் கீழ்த் தட்டில அரைக் கோப்பை கொதிதண்ணி ஊற்றிக் கதவை மூடுங்கோ. ஆவி இல்லாவிட்டால் தோல் முதலிலேயே இறுகி, பக்கத்தால வெடிக்கும். கண்ணாடிக் கதவில தண்ணி படாமல் கவனம்.

மதுரை:
சின்ன ஓடிஜி (மின்சார அவன்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கடம், மேல்கம்பி பிரெட்டுக்கு மிக அருகில் இருக்கும். டின்னைக் கடைசித் தட்டில் வைத்து 190 டிகிரியில் 30, 35 நிமிஷம். மேலே நிறம் வந்ததும் அலுமினியத் தாளால் மூடுங்கள். நடுவில் குத்திய தெர்மாமீட்டர் 93 காட்டினால் வெந்துவிட்டது. உடனே டின்னிலிருந்து எடுத்து கம்பித் தட்டில் ஒரு மணி நேரம் ஆறட்டும். சூட்டோடு வெட்டினால் உள்ளே வேகாத மாதிரி பிசுபிசுக்கும்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் பூஞ்சை தள்ளிப்போகும், ஆனால் பிரெட் வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் விறைக்கும். இரண்டு நாளைக்கு மேல் போகுமென்றால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், எடுத்து நேராகத் தோசைக்கல்லில் வாட்டலாம்.

வேலூர்:
வெளியே வைப்பவர்களுக்கு ஒன்று. பூஞ்சை எதுவும் தெரியாமலே, அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தின் வாசனை வந்து, பிய்த்தால் உள்ளே நூல் நூலாக இழுபட்டால் அது பாசில்லஸ் வகை பாக்டீரியா. அதன் வித்துகள் மாவிலேயே இருக்கும், சுடும்போதும் சாகாது, புழுக்கமான நாளில் முளைக்கும். முழுதாகத் தூக்கிப்போடுங்கள், ரஸ்க்குக்குக்கூட ஆகாது. கத்தி, பலகை, டப்பா எல்லாவற்றையும் கழுவி வினிகரால் துடையுங்கள். அடுத்த தடவை 300 கிராம் மாவுக்கு ஒரு டீஸ்பூன் வினிகர் சேர்த்துப் பிசைந்தால் புளிப்பு நாக்கில் தெரியாது, அந்தக் கிருமிக்குப் பிடிக்காது.