மறை எண்ணோடு (கழித்தல் குறி உள்ள எண்) மறை எண்ணைக் கூட்டினால் நேர் எண்ணா வரும்? உங்களுக்கு எப்போது தெளிந்தது?

உப்புவெளிக்காரி:
போன கிழமை மகனுடைய கணிதக் கொப்பியைப் புரட்டினேன், தரம் 7. (−3) + (−5) = +8 என்று எழுதிப் பிழை வாங்கியிருந்தான். ஏனடா என்றால், "மறையும் மறையும் நேர்தானே அம்மா" என்கிறான். சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் அந்த வயதில் நானும் இதே பிழையைத்தான் விட்டேன். அது பெருக்கலுக்கான விதி. கூட்டலுக்கு "ஒரே குறி என்றால் கூட்டு, வேறு குறி என்றால் கழி, பெரியதன் குறியைப் போடு" என்று தேவாரம் மாதிரி ஒப்பித்திருந்தோம், பரீட்சையில் உட்கார்ந்தால் இரண்டும் கலந்துவிடும்.

எனக்குத் தெளிந்தது ஒழுங்கை முனைக் கடையில். கடன் கொப்பியில் ஏற்கனவே 300 ரூபா நிற்கிறது, அம்மா இன்னும் 200 ரூபாவுக்கு அரிசி, பருப்பு வாங்குகிறா, கடன் 500 ஆகுமே தவிர கடைக்காரர் எங்களுக்கு 500 தரப்போவதில்லையே! (−300) + (−200) = −500. மாதக் கடைசியில் அப்பா 700 கட்டினார், கடன் போக 200 எங்கள் பக்கம் நின்றது.

கிண்ணியாக்காரன்:
எனக்குக் கடல்தான் வாத்தியார். மாமா சங்கு குளிக்கிறவர். கடல்மட்டம் பூச்சியம், 6 பாகம் (கடல் ஆழத்தை அளக்கும் அளவு) இறங்கி அங்கிருந்து இன்னும் 4 பாகம் இறங்கினால் −10. அப்புறம் 7 பாகம் ஏறினாலும் −3, தலை இன்னும் தண்ணீருக்குள்தான். எண்கோட்டைப் படுக்கையாகக் கீறாமல் நிமிர்த்திக் கீறிப் பாருங்கள், பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

ரியூசன் சேர்:
அக்கா, அந்த ஒப்பித்த விதியிலேயே ஒரு பொறி இருக்கிறது. "பெரியதன் குறி" என்றதும் (−9) + 4 க்குப் பிள்ளை +5 என்று போடும். கேட்டால், "நேர் எண்தானே சேர் பெரிசு" என்று சொல்லும், அதுவும் பொய்யில்லை, 4 உண்மையிலேயே −9 ஐ விடப் பெரியதுதான்! பார்க்க வேண்டியது குறியை விட்ட பருமனை. 9, 4 இரண்டில் 9 கூட, ஆகவே −5. நான் இப்போது "பெரியது" என்ற சொல்லையே வகுப்பில் எடுப்பதில்லை, "எந்தப் பக்கம் கனம்?" என்றுதான் கேட்பேன்.

கடைக் கொப்பி கணக்கும் இன்று நேற்று வந்ததல்ல. இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628 இல் இந்த விதிகளை எழுதியபோது நேர் எண்ணைத் தனம், மறை எண்ணை ருணம் என்றார். ருணம் என்றால் கடன். தனமும் ருணமும் சமமானால் பூச்சியம் என்பதும் அதிலேயே இருக்கிறது.

உப்புவெளிக்காரி:
மகனிடம் (−9) + 4 கேட்டேன். "5 ரூபா கடன்" என்றான், சரி. உடனே (−9) − (−4) என்னவென்று திருப்பிக் கேட்கிறான். இதற்குக் கடைக்காரர் என்ன செய்வார், சேர்?

ரியூசன் சேர்:
கொப்பியில் 4 ரூபாக் கடனை வெட்டிவிடுவார். அதுவும் −5 தான்.