கண்ணாடிக் கதவுக்கும் மொட்டை மாடிக் கதவுக்கும் எந்த மின்பூட்டு?

கேள்வி (கோவைவாசி):
எங்கள் அபார்ட்மெண்டில் 24 வீடுகள். கீழே லிஃப்ட் பக்கம் உள்ள கண்ணாடிக் கதவு, மேலே மொட்டை மாடி இரும்புக் கதவு, இரண்டுக்கும் கார்டு காட்டித் திறக்கும் பூட்டு போடப் போகிறோம். 600 பவுண்டு மேக்னட் பூட்டு போதும் என்கிறார் வந்து பார்த்தவர். கரண்ட் போனால் அது திறந்துகொள்ளுமாமே? அப்புறம் எதற்குப் பூட்டு என்று கமிட்டியில் கேட்கிறார்கள்.

பதில் (பூட்டுவேலை):
அண்ணா, இந்த வேலைதான் எனக்கு. கரண்ட் போனால் விட்டுவிடுவதுதான் மேக்னட்டின் நல்ல குணம். புகை மூடிய படிக்கட்டில் யாரும் கார்டு தேட முடியாது. மாடிக் கதவும் தப்பிக்கும் வழிதான், அங்கேயும் இதையே போடுங்கள். மழை படுகிற பக்கம் என்றால் வாட்டர்ப்ரூஃப் மாடலாகக் கேளுங்கள்.

சாதாரண கரண்ட் கட்டுக்கு பேட்டரி இருக்கிறது. 12 வோல்ட்டில் இந்தப் பூட்டு அரை ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும், 7 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) பேட்டரி பல மணி நேரம் தாங்கும். ஆனால் ஃபயர் அலாரம் அடித்தால் பேட்டரி இருந்தாலும் பூட்டு விட்டாக வேண்டும். அதற்கான ரிலே, அதாவது அலாரம் இயக்கும் சுவிட்ச், பூட்டுக்குப் போகும் லைனையே அறுக்கணும். உள்பக்கம் வைக்கும் எமர்ஜென்சி பட்டனும் அப்படியே. அப்போதுதான் கார்டைச் சரிபார்க்கும் கண்ட்ரோலர் ஹேங் ஆனாலும் கதவு திறக்கும்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கதவில் வரும் இரும்புப் பட்டைக்குப் பின்னால் ரப்பர் வாஷர் இருக்கும். அந்த போல்ட்டை முழுசாக முறுக்கிவிட்டால் பட்டை அசையாது, மேக்னட் முகத்தோடு ஒட்டாது. கையால் ஆட்டினால் லேசாக ஆடணும். தாள் கனத்துக்கு இடைவெளி விழுந்தாலே 270 கிலோ பிடி எங்கோ போய்விடும், ஒரு ஆள் தோளைக் கொடுத்தால் திறந்துகொள்ளும்.

கோவைவாசி:
கண்ணாடிக் கதவுக்குச் சட்டம் (ஃப்ரேம்) கிடையாது. இரண்டு பக்கமும் ஆடும்.

பூட்டுவேலை:
அப்படியென்றால் ஒரு பக்கம் மட்டும் திறக்கும்படி ஸ்டாப்பர் வைத்து, கண்ணாடியைக் கவ்வும் யூ பிராக்கெட்டில் பட்டையைப் பிடிக்கலாம். மேக்னட்டுக்குப் பதில் டிராப் போல்ட் (குழிக்குள் போல்ட் இறங்கிப் பூட்டும் மின்பூட்டு) போடலாம் என்று யாராவது சொன்னால், முதலில் ஃப்ளோர் ஸ்பிரிங்கை, அதாவது கதவைத் தானாக மூட வைக்கும் தரை ஸ்பிரிங்கைப் பாருங்கள். கதவு நேர் நடுவில் வந்து நிற்காவிட்டால் போல்ட் குழியில் விழாது.

பதில் (மாடிவீடு):
எங்கள் மாடிப் பூட்டு சூடாகி, பிடிப்பும் குறைவாக இருந்தது. தரைத்தளத்திலிருந்து மெல்லிய வயர் இழுத்திருந்தார்கள். பூட்டிடம் அளந்தால் 10 வோல்ட்கூட இல்லை.

பூட்டுவேலை:
பிடிப்புக் குறைவுக்கு வயர்தான் காரணம். பூட்டுக்கு 12 வோல்ட் தரும் பவர் சப்ளையை மாடியிலேயே வையுங்கள். லேசான சூடு சகஜம், பயப்பட வேண்டாம்.