சின்ன வெப்சைட், அட்சென்ஸ் விளம்பரம்: வன்னியில இருந்து எப்படித் தொடங்கிறது?

புதுக்குடியிருப்பான்

வணக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆக்களுக்குப் பிரயோசனப்படுற மாதிரி ஒரு சின்ன வெப்சைட் தமிழில போட்டு, கூகிள் விளம்பரத்தில (அட்சென்சில) உழைக்கலாமெண்டு யோசிக்கிறன். பஸ் நேரம், வயல் விசயம், கச்சேரிப் (மாவட்டச் செயலகப்) படிவங்கள் இதுகள்தான் மனசில. கையில ஒரு பழைய லப்டொப்பும் போன் டேட்டாவும்தான் இருக்கு.

வெப்சைட் போடக் கூகிளின்ர இலவச பிளொக்கர் காணுமோ, வேர்ட்பிரஸ்தான் வேணுமோ? எத்தினை பதிவுக்குப் பிறகு அட்சென்சுக்கு விண்ணப்பிக்கிறது? மாசம் என்ன வருமெண்டு ஆராவது உள்ளதைச் சொல்லுங்கோ. எங்கட வீட்டுக்கு இலக்கமும் இல்லை, ஒழுங்கைக்குப் பேரும் இல்லை. முகவரியை உறுதிப்படுத்தக் கூகிள் அனுப்பிற கடிதம் வந்து சேருமோ?

குளக்கட்டு

தம்பி, முதல் காசுக் கணக்கைப் பாப்பம். ஆயிரம் பக்கப் பார்வைக்கு வாற வருமானத்தை ஆர்பிஎம் எண்டுறது. அது 40 சதமெண்டு (0.40 டொலர்) வைச்சால் 100 டொலர் சேர 2,50,000 பார்வை வேணும். 2 டொலரெண்டால் 50,000 போதும். 100 டொலர் சேராமல் கூகிள் காசு அனுப்பாது. ஆனால் சேர்ந்த மிச்சம் அடுத்த மாசத்துக்குப் போகும், அழியாது.

ஆர்பிஎம் ஏன் இப்பிடிக் கூடிக் குறையுது எண்டால், விளம்பரக்காரர் பாக்கிற ஆளின்ர நாட்டுக்குத்தான் விலை கேக்கினம். ஒரே பக்கத்தைப் பரந்தனில ஒராள் திறக்கிறதுக்கும் ரொறன்ரோவில ஒராள் திறக்கிறதுக்கும் வித்தியாசம் பல மடங்கு. அதால ஊர் ஆக்களுக்கும் வெளிநாட்டில இருக்கிற எங்கட சனத்துக்கும் ரண்டு பேருக்கும் தேவைப்படுற விசயத்தைப் பிடியுங்கோ. கட்டுநாயக்காவில இறங்கி முல்லைத்தீவு வர எந்த வழி, பிறப்புச் சாட்சிப் பத்திரப் பிரதியை ஆரைக்கொண்டு எப்பிடி எடுக்கிறது, வற்றாப்பளைப் பொங்கலுக்கு எந்தப் பக்கத்தால பஸ் இருக்கு, இந்த மாதிரி. வைகாசிப் பொங்கலுக்கான பக்கம் பங்குனியிலயே ஏறியிருக்க வேணும். யூலை, ஓகஸ்ட் விடுமுறைக்கு வாறவை சித்திரை, வைகாசியிலயே தேடத் தொடங்கிடுவினம்.

செய்தித் தளம் மட்டும் வேண்டாம். அண்டைக்குப் போட்டது அடுத்தநாள் செத்துப்போம். பஸ் நேரமும் நெல்லினப் பட்டியலும் வருசக்கணக்காத் தேடுபடும். நெல்லெண்டால் சும்மா பந்தி பந்தியா எழுதாமல் எந்த இனம் எத்தினை மாசத்தில விளையும் எண்டு அட்டவணையாப் போடுங்கோ: பிஜி 250 இரண்டரை மாசம், பிஜி 300 மூண்டு மாசம், பிஜி 352 மூண்டரை மாசம். குளத்தில தண்ணி குறைஞ்ச சிறுபோகத்துக்கு எது பொருந்தும், காலபோகத்துக்கு எது எண்டு பக்கத்திலயே ஒரு நிரல். பஸ்ஸெண்டால் முல்லைத்தீவுக்கு வாற ஏ35 பரந்தன் வழியும் ஏ34 மாங்குளம் வழியும் வெவ்வேற பக்கம். இபோசவும் (அரச பஸ்) தனியாரும் ஒரே அட்டவணையில, கடைசியா எந்தத் திகதி சரிபார்த்தது எண்டதும் மேல இருக்க வேணும். பிழையான பஸ் நேரம் போட்டால் ஆக்கள் திரும்ப வரமாட்டினம்.

பிளொக்கர் தாராளமாக் காணும். வாடகை இல்லை, ஆக்கள் கூடினாலும் விழாது. டொமைன் (வெப்சைட்டின்ர சொந்த முகவரி) மட்டும் வாங்குங்கோ, டொட் கொம் வருசத்துக்கு 10 முதல் 15 டொலருக்குள்ள வரும். முதல் வருச விலையைப் பாத்து ஏமாறாமல் புதுப்பிக்கிற விலையைப் பாருங்கோ. பிளொக்கர் காட்டுற ரண்டு சிநேம் பதிவையும் (டொமைனைப் பிளொக்கரோட இணைக்கிற வரிகள்) டொமைன் வாங்கின இடத்தின்ர டிஎன்எஸ் பக்கத்தில போட்டு, ஒருநாள் பொறுத்து பிளொக்கரில எச்டிடிபிஎஸ்ஸை (பாதுகாப்பான இணைப்பை) திறந்துவிடுங்கோ.

ஒண்டு கனபேர் கவனிக்கிறேல்லை. பிளொக்கரில தலைப்பு முழுக்கத் தமிழெண்டால் பக்கத்தின்ர முகவரி வெறும் "பிளொக்-போஸ்ட்" எண்டு வரும், அடுத்ததுக்குப் பின்னால ஒரு இலக்கம் ஒட்டும். வெளியிட முதலே பேர்மாலிங் (பக்க முகவரி) எண்ட இடத்தில கஸ்டம் எண்டதைத் தெரிஞ்சு ஆங்கில எழுத்தில ஊர்ப்பேரோட குடுங்கோ. வெளியிட்டாப் பிறகு மாத்த வேணுமெண்டால் பதிவைத் திரும்ப டிராப்ட் (வெளியிடாத வரைவு) ஆக்க வேணும், பழைய இணைப்பும் செத்துப்போம். கூகிளில முல்லைத்தீவு பஸ் எண்டதை ஆங்கில எழுத்தில தட்டித் தேடுறவை கனபேர். ஆனபடியால் தலைப்பிலயும் ஒருக்கா அப்பிடி எழுதிவிடுங்கோ.

மணற்காடு

முகவரி, வங்கி விடயங்களை நான் எழுதுகிறேன். நம் பகுதியில் பலர் தடக்குப்படுவது இங்கேதான்.

அட்சென்ஸ் கணக்குத் திறக்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு கணக்குத்தான். பணம் பெறுபவர் பெயரை வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். தகப்பன் பெயரை அடையாள அட்டையில் விரித்தும் வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தாகவும் வைத்திருப்பவர்கள், விண்ணப்பிக்க முன்னரே வங்கியில் திருத்திக்கொள்வது நல்லது.

கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் 6 இலக்கப் பின் எண் கொண்ட கடிதம் புறப்படும். அது சாதாரணத் தபால். பதிவுத் தபால் அல்ல என்பதால் கையெழுத்து வாங்கித் தரமாட்டார்கள். வர 2 முதல் 4 வாரம் ஆகலாம். வீட்டு இலக்கம் இல்லாவிட்டால் முதல் வரியில் குடியேற்றத் திட்டம் அல்லது வட்டாரம், அடுத்ததில் அருகிலுள்ள கோயில் அல்லது பாடசாலை, அதன்பின் உபதபாலகத்தின் பெயர், கடைசியாக மாவட்டமும் அஞ்சல் குறியீடும். உபதபாலகத்துக்கு ஒருமுறை போய், உங்கள் வீட்டுக்கு எந்த முகவரியில் கடிதம் வருகிறது என்று கேட்டு அதையே எழுதுங்கள். கடிதம் ஒன்று வரவிருக்கிறதென்று தபால்காரரிடமும் சொல்லிவையுங்கள். வராவிட்டால் மறுபடி அனுப்பும்படி கேட்கலாம். அதற்கும் எல்லை உண்டு, அதன்பின் அடையாள அட்டையைக் காட்டி உறுதிசெய்யக் கேட்பார்கள். முதல் பின் எண் உருவாகி 4 மாதத்துக்குள் முடிக்காவிட்டால் விளம்பரம் நின்றுவிடும்.

கனடாவில் உள்ள அண்ணன் பெயரில் கணக்குத் திறந்தால் சுகம் என்று சிலர் சொல்வார்கள். கணக்கின் நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. வருமானமும் சட்டப்படி அவருடையதாகிவிடும், வரியும் அவர் தலையில். உங்கள் பெயரில், உங்கள் ஊர் முகவரியில் திறப்பதே சரி. வரி விபரப் பகுதியில் டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவம் கேட்கும், தனிநபர் என்று நிரப்பினால் போதும்.

பணம் மாதத்தின் 21 முதல் 26ஆம் திகதிக்குள் வயர் (வங்கிக்கு வங்கி அனுப்பும் முறை) மூலம் புறப்படும். பங்குனியில் 100 டொலரைத் தாண்டினால் சித்திரையில் வரும். வங்கியின் சுவிப்ட் குறியீட்டை (வெளிநாட்டுப் பணம் வர வங்கியை அடையாளம் காட்டுவது) கிளையில் கேட்டு எழுதுங்கள். இடையிலுள்ள வங்கியும் உங்கள் வங்கியும் ஒவ்வொரு தடவையும் கட்டணம் கழிக்கக்கூடும். ஆகவே அவசரம் இல்லையென்றால் கொடுப்பனவு எல்லையை 300 டொலர் அளவுக்கு உயர்த்திவைத்தால், மூன்று தரம் போகும் கட்டணம் ஒரு தரத்தோடு முடியும்.

புதுக்குடியிருப்பான்

நன்றி குளக்கட்டு அண்ணை, மணற்காடு அக்கா. இன்னும் ரண்டு கேள்வி. என்னட்டை விவசாயத் துண்டுப் பிரசுரங்கள் பாமினி எழுத்துருவில ரைப் பண்ணினது கொஞ்சம் இருக்கு, அப்பிடியே ஏத்தலாமோ? "பெறுமதி குறைந்த உள்ளடக்கம்" எண்டு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிறவையாமே?

ஏ9 வளைவு

பாமினியை அப்பிடியே ஏத்தாதேங்கோ. அது ஆங்கில எழுத்துக்கு மேல தமிழ் உருவத்தை ஒட்டின எழுத்துரு. கூகிளுக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாத்தான் தெரியும், எழுத்துரு இல்லாத போனிலயும் அப்பிடித்தான். யூனிகோடுக்கு மாத்திப்போட்டு ஒருக்கா முழுக்க வாசியுங்கோ, கொம்புகளும் ஸ்ரீ போன்ற எழுத்துகளும் இடம் மாறியிருக்கும். அதைவிட, அடுத்தவை எழுதின பிரசுரத்தை வசனத்துக்கு வசனம் போட்டால் திருப்பி அனுப்பத்தான் செய்வினம். கடந்தகால வினாத்தாள் பிடிஎவ் போடுற தளங்களுக்கும் அதுதான் நடக்குது, பதிப்புரிமை வேற.

இத்தினை பதிவு வேணுமெண்டு கூகிள் எங்கயும் சொல்லேல்லை. என்ர அபிப்பிராயம் 20, 25 முழுமையான பக்கம். ஒவ்வொண்டும் ஒரு கேள்விக்குச் சரியான விடையா இருக்க வேணும். எங்களைப் பற்றி, தொடர்பு, தனியுரிமைக் கொள்கை எண்ட மூண்டு பக்கமும் வேணும். மெனுவில வெறும் தலைப்புகள் தொங்கக் கூடாது. அட்சென்ஸ் தமிழை 2018 மாசியில ஏற்கத் தொடங்கினது, அதால மொழி ஒரு தடையில்லை. ஏஐயைக்கொண்டு ஒரு நாளைக்கு ஐம்பது பக்கம் அடிச்சுத் தள்ளிற வேலையை மட்டும் விடுங்கோ. 2024 பங்குனியில கூகிள் கொண்டுவந்த தேடல் விதியில, ஆளோ மெசினோ, தேடலுக்காண்டி மொத்தமாக் குவிக்கிற பக்கத்தைத் தூக்கலாமெண்டே இருக்கு.

மேல ஆரும் சொல்லாதது ஒண்டு. லண்டன், பாரிஸ், ஒஸ்லோ ஆக்கள் உங்கட பக்கத்துக்கு வருவினம். 2024 தை 16 இல இருந்து ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கும் பிரித்தானியாவுக்கும், அந்த வருச ஆடி 31 இல இருந்து சுவிசுக்கும், வாசகரின்ர தகவலை விளம்பரத்துக்குப் பாவிக்கலாமோ எண்டு கேக்கிற, கூகிள் அங்கீகரிச்ச சம்மதக் கேள்விப் பெட்டி காட்ட வேணும். இல்லாட்டில் அந்த ஆக்களுக்குக் குறைஞ்ச விலை விளம்பரம்தான் போகும், நல்ல காசு தாற வாசகரே வீணாப் போயிடுவினம். அட்சென்சுக்குள்ள பிரைவசி அண்ட் மெசேஜிங் எண்ட இடத்தில இலவசமா அதைச் செய்யலாம்.

விளம்பரத்தைத் தானியங்கியா விட்டாலும் பக்கம் மாறேக்க முழுத் திரையையும் மறைக்கிறதை நிப்பாட்டுங்கோ. டவுன்லோட் பட்டனுக்கும் தொலைபேசி இலக்கத்துக்கும் பக்கத்தில விளம்பரம் வேண்டாம், விரல் தவறிப் படுற கிளிக்குக்குக் கூகிள் காசைக் கழிச்சுப்போடும்.

குளக்கட்டு

கிளிக் கதை வந்ததால சொல்லுறன். "என்ர சைட்டில விளம்பரத்தை ஒருக்கா அமத்திவிடு மச்சான்" எண்டு வட்ஸ்அப் குழுவில எழுதினால் கணக்கு நிரந்தரமா மூடுபடும், சேர்ந்த காசும் போகும். வீட்டில ஒரே வைபையில இருக்கிற தங்கச்சி, அம்மாவுக்கும் முதலே சொல்லிவையுங்கோ. சரிபாக்க வேணுமெண்டால் விளம்பரத்தைத் தொடாமல் பாருங்கோ.

அட்சென்ஸ் ஒண்டையே நம்பியும் இருக்க வேண்டாம். மாசம் 5,000 பேர் வந்தாலே பரந்தன் சந்தி ஹாட்வெயார் கடை, கலியாண மண்டபம், உழவு மெசின் வாடகைக்காரர் இவையிட்டை நேரடியா விளம்பரம் கேக்கலாம். மரண அறிவித்தலும் அப்பிடித்தான், வெளிநாட்டில இருக்கிற உறவுகள்தான் அதைத் தேடிப் பாக்கினம். மூண்டு மாசத்துக்கு ஒரு விலை எழுதி, முழுக்காசையும் முதலே வாங்கிப் பற்றுச்சீட்டுக் குடுங்கோ. அந்த விளம்பர இணைப்பில "ஸ்பொன்சர்ட்" எண்ட ரெல் அடையாளத்தை (காசுக்குப் போட்ட இணைப்பெண்டு காட்டுறது) கோட்டில போட மறந்தால், காசுக்கு இணைப்பு விக்கிறதா எடுத்து கூகிள் தேடலில கீழ இறக்கிவிடலாம்.